மூன்றாவது அடையாளம்

செவிலாய்க்கு வாய்ப்புண் வர ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. அந்த ஏழு வருஷத்தில், துருக்கியில் அவள் ஊரான தவ்ஷான்லியில் அவள் பார்க்காத டாக்டர் என்றால் மாட்டு டாக்டர் ஒருவர்தான். பல் டாக்டர், சொத்தையே இல்லாத கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். பல் போயிற்று, புண் போகவில்லை. வயிற்று டாக்டர் மிளகாயை நிறுத்தச் சொன்னார். எலும்பு டாக்டர் வீங்கிய முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, உடம்பைக் குறைக்க வேண்டும் என்றார். அவள் எடை நாற்பத்தெட்டு கிலோ. இன்னொரு பெரியவர், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி ஒரு வைட்டமின் சீட்டு எழுதினார். அதையும் அவளிடம் கொடுக்கவில்லை, அத்தையிடம் கொடுத்தார்.

எல்லோரும் அத்தையிடம்தான் கொடுப்பார்கள். நெரிமான் அத்தை அப்பாவின் அக்கா. தாயில்லாத செவிலாயை நாலு வயதிலிருந்து வளர்த்தவள். டாக்டர் வீட்டுக்குப் போவதென்றால் அவளுக்கு இரண்டு சாமான் வேண்டும்: கைப்பையில் ஒரு புட்டி எலுமிச்சைக் கொலோன், வாயில் எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில். டாக்டர் செவிலாயைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், “எங்களுக்கு நாக்குல புண்ணு டாக்டர், எங்களுக்குப் பசியே எடுக்கறதில்ல” என்று ஆரம்பித்துவிடுவாள். வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நடந்தது, ஈரத்தலையோடு பால்கனியில் நின்றது, எதிர்வீட்டுக்காரியின் கண்ணேறு என்று நோய்க்கான காரணங்களையும் அவளே சொல்லிவிடுவாள். செவிலாய் பக்கத்தில் உட்கார்ந்து தன் நாக்கைப் பற்றி அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இருபத்தெட்டு வயதுக்காரிக்கு இது என்ன தலையெழுத்து என்று எரிச்சல் வரும். ஆனால் வாயில் புண் இருக்கும்போது சண்டை போடுவதும் கஷ்டம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்ச்சில் வலது கண் சிவந்தது. அவளுக்கு வேலை வறுகடலை ஆலையில். ஓடுகிற பெல்ட்டில் கடலை வரும், கருகியதையும் கல்லையும் பொறுக்கிப் போட வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று கல் அவள் கையைத் தாண்டிப் போயிற்று. மேஸ்திரி கத்தினார். அவள் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பெல்ட்டும் கடலையும் சேர்ந்து பால் கலந்த தண்ணீராகத் தெரிந்தன. அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. உள்ளூர்க் கண் டாக்டர் பார்த்துவிட்டு, முதல்தடவையாக அத்தையின் பக்கம் திரும்பாமல் சொன்னார்: “இது வெளிக்கண்ணு இல்லம்மா, உள்ளே. இன்னும் நாலு தடவை இப்படி வந்தா கண்ணு போயிடும். உடனே அங்காராவுக்குப் போ.”

அங்காராவில் அவளைப் பார்த்தவர் டாக்டர் பெல்கிஸ். ஐம்பது வயது இருக்கும், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். வாயைப் பார்த்தார், கண் டாக்டரின் கடிதத்தைப் படித்தார்.

“பெஹ்செட் நோயா இருக்கலாம். நம்ம நாட்டு டாக்டர் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சு எழுதினார், அவர் பேருதான் இதுக்கு. நம்ம பக்கம்தான் இது நிறைய.”

“ரத்தம் எடுத்துப் பாருங்களேன்” என்றாள் செவிலாய்.

“எந்த ரத்தத்துலயும் தெரியாது. அடையாளத்தை எண்ணித்தான் சொல்லணும். வாய்ப்புண்ணு ஒண்ணு, கண்ணு ரெண்டு. மூணாவதா ஒண்ணு வேணும்.”

“முழங்கால்?”

“முழங்கால் கணக்குல வராது.”

செவிலாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏழு வருஷம் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய முழங்கால் கணக்கில் வராதாம்.

“மூணு எதுக்குக் கேக்கறேன்னா, காசநோய் வந்தாலும் கண்ணு இப்படி ஆகும். இதுக்கான மாத்திரை உடம்போட எதிர்ப்பை அடக்கிப் போடும். காசநோய்க்காரிக்குக் கொடுத்தா அவ கதை முடிஞ்சுது. உன் நெஞ்சுப் படம் சுத்தமாத்தான் இருக்கு. இருந்தாலும் நிச்சயமாத் தெரியாம நான் ஆரம்பிக்க மாட்டேன்.” பேனாவை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். “கீழே, மறைவிடத்துல புண்ணு வந்திருக்கா?”

“ஐயோ, ஆண்டவன் காப்பாத்தணும்!” என்று அத்தை எழுந்தேவிட்டாள். “என்ன பேச்சு டாக்டரம்மா இது! கல்யாணம் ஆகாத பொண்ணு. அதெல்லாம் கிடையாது. இல்லவே இல்ல!”

டாக்டர் இன்னும் செவிலாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செவிலாய் தரையைப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உள்ளூர் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டர் ஒருவனும் இதே கேள்வியைத்தான் கேட்டான். அத்தை இதே பதிலைத்தான் சொன்னாள். அன்றைக்கும் இவள் தரையைத்தான் பார்த்தாள்.

“சரி, ஊசியால கேப்போம்” என்றார் டாக்டர். மருந்தில்லாத வெறும் ஊசியை அவள் முன்கையில் ஒரு குத்துக் குத்தி, சுற்றி நீல மையால் வட்டம் போட்டார். “உனக்கு இந்த நோய் இருந்தா, இந்த ஒரு குத்துக்கே உன் உடம்பு ஊரைக் கூட்டிச் சண்டைக்கு வரும். ரெண்டு நாள்ல இங்கே சின்னதா ஒரு சீழ்க்கொப்புளம் எழும்பும். எழும்பினா மூணாவது அடையாளம் கிடைச்சுது. நோய் ஆயுசுக்கும் இருக்கும், ஆனா மருந்தை அன்னைக்கே தருவேன். இதுல எதுவும் படக்கூடாது. கழுவாதே, தேய்க்காதே.” அத்தையின் கைப்பையிலிருந்து எலுமிச்சை வாசனை வந்திருக்க வேண்டும். “கொலோன் போடாதே” என்றும் சேர்த்துக்கொண்டார்.

“இது ஏன் டாக்டர் வருது?” என்று செவிலாய் கேட்டாள்.

“கொஞ்சம் பிறப்புல வருது. மேல எதுவோ ஒண்ணு அதைக் கிளப்பி விடுது. அது என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உடம்பு தன்னையே பகைன்னு நினைச்சு அடிக்குது, அவ்வளவுதான் தெரியும்.”

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: “தன்னையே எதுக்கு அடிக்கணும்? பைத்தியமா?”

“ஆமா, பைத்தியம்தான். பெல்ட்டுக்கு ஒருத்தி பைத்தியம் பிடிச்சவ வந்து, நல்ல கடலையா பார்த்துப் பொறுக்கி எறியறான்னு வெச்சுக்கோ.”

“அப்ப மேஸ்திரி எங்க போனான்?” என்றாள் அத்தை.

அங்காராவிலேயே கெச்சியோரென் பகுதியில் அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கினார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீல வட்டத்துக்கு நடுவில் சிவப்புத் தட்டியது. புதன்கிழமை காலை அதன் உச்சியில் ஜவ்வரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு கொப்புளம் நின்றது. அதைப் பார்த்ததும் செவிலாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஏழு வருஷத்தில் அவள் உடம்பு சொன்னது ஒன்று வெளியே எல்லோரும் பார்த்து நம்பும்படி வந்தது இதுதான் முதல்தடவை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டு, கையை மேஜைமேல் வைத்தபடியே தேநீர் குடித்தாள்.

“காட்டு, பாக்கலாம்” என்று அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் வந்தாள்.

செவிலாய் காட்டினாள். அத்தை கையைப் பிடித்தாள், குனிந்து பார்த்தாள், இரண்டு கட்டைவிரல் நகத்தையும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். மடியில் புட்டி தயாராக இருந்திருக்கிறது. செவிலாய் வீறிட்டுக் கையை இழுப்பதற்குள் கால் புட்டி கொலோன் அதன்மேல் கொட்டியாகிவிட்டது. எரிச்சல் தோள்வரை ஏறியது.

“என்ன பண்ணினே? அத்தை, என்ன பண்ணினே நீ? சொன்னாங்கல்ல, தொடாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னாங்கல்ல!”

“காஞ்சிடும், என் ஆட்டுக்குட்டி. ஒண்ணும் தெரியாது பாரு.”

“ஒண்ணும் தெரியக்கூடாதுன்னா இத்தனை தூரம் வந்தோம்? நீ மனுஷிதானா?”

அத்தை வாயே திறக்கவில்லை. பதில் இல்லாத அத்தையை அவள் அதற்குமுன் பார்த்ததே கிடையாது. ஆனால் அதைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

டாக்டர் பெல்கிஸ் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். கன்றிச் சிவந்த தோலும் இரண்டு நகக்குறியும் இருந்தன. மூக்கைச் சுளித்தார்.

“இதை நான் எழுத முடியாது. நகம் பட்ட இடம் யாருக்கும் சிவக்கும். இன்னொரு கையில குத்தறேன், வெள்ளிக்கிழமை வாங்க.”

“இந்தத் தடவை பத்திரமாப் பாத்துக்கறோம் டாக்டரம்மா” என்று அத்தை ஆரம்பித்தாள். “எங்களுக்கு வேற எந்தத் தொந்தரவும் இல்ல, பசி மட்டும்...”

“எனக்கு இருக்கு!” என்று செவிலாய் கத்தினாள். வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி நின்ற சத்தம் கேட்டது. “எனக்கு வருது டாக்டர். கீழே வருது. வருஷத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. உட்கார முடியாது, மூத்திரம் போனா உசிரு போகும். ஆலையில வாத்து மாதிரி நடக்கறேன், கேட்டா செருப்பு கடிக்குதுங்கறேன். இதை எழுதிக்குங்க. என் உடம்பு, நான் சொல்றேன், எழுதிக்குங்க!”

டாக்டர் எழுதவில்லை. திரைச்சீலையை விலக்கி, உள்ளே வரச் சொன்னார். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது.

“இப்ப புண்ணு இல்ல” என்று கைகழுவியபடி சொன்னார். “ஆனா தழும்பு இருக்கு. ரெண்டு பழசு, ஒண்ணு புதுசு. இந்தப் புண்ணு தழும்பை விட்டுட்டுத்தான் போகும். மூணாவது அடையாளம் இதுதான், ஊசியே வேண்டாம். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம்.” பிறகு, “இதை இதுக்கு முன்னாடி யாரும் கேக்கலையா?” என்றார்.

“கேட்டாங்க” என்றாள் செவிலாய். “அஞ்சு வருஷம் ஆச்சு.”

டாக்டர் அத்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதத் தொடங்கினார். கண்ணில் போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, இனிமேல் போகாமல் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் என்றார்.

அத்தை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “உன் துணியைத் துவைக்கறவ நான்தானே, எனக்குத் தெரியாதா? சொன்னா ஊரு என்ன பேசும்? கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அங்கே புண்ணுன்னா எவ நம்புவா? கொப்புளம் வந்தா ஆயுசுக்கும் வியாதின்னு அந்தம்மா சொன்னாங்க. வராட்டா இல்லேன்னுதானே அர்த்தம்? அதான் நசுக்கிட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “உன் கண்ணை நான்தான் தின்னுட்டேனா செவிலாய்?”

ஆமாம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. தானும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தானே என்பது வேறு உறுத்தியது.

“எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

பத்து நாள் கழித்து சுஹெய்லா அம்மாள் வந்தாள். இவள் மகன் கமுரானுக்குத்தான் செவிலாயைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்காரா போய்வந்த சேதி தெருவுக்கே தெரிந்திருந்தது. விருந்தாளிக்கு நீட்டும் கொலோனைக் கையில் ஊற்றிக்கொண்டாள், மிட்டாய் எடுத்துக்கொண்டாள், செவிலாய் கொண்டுவந்த காபியை வாங்கிக்கொண்டாள். அப்புறம் அத்தையின் பக்கம் சாய்ந்து குரலைத் தழைத்தாள்.

“என்னவாம் நெரிமான்? டாக்டருங்க என்ன சொன்னாங்க? நம்ம பொண்ணுக்குப் பெரிசா ஒண்ணும் இல்லையே?”

அத்தை வாயைத் திறந்தாள். ஏழு வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது செவிலாய்க்கே தெரிந்தது. அத்தை வாயை மூடினாள். மடியிலிருந்த கையைப் பார்த்தாள்.

“உடம்பு அவளோடது” என்றாள். “அவகிட்டயே கேளுங்க.”

சுஹெய்லா அம்மாள் திரும்பினாள். செவிலாய் தட்டை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். வலது கண்ணில் அந்த அம்மாள் இன்னும் பாதி மங்கலாகத்தான் இருந்தாள்.

“பெஹ்செட்னு ஒரு வியாதி. ஆயுசுக்கும் இருக்கும். ஒட்டாது. மாத்திரை சாப்பிடறேன். ஒரு கண்ணுல பார்வை கொஞ்சம் போயிடுச்சு.”

“ஐயோ பாவமே! கண்ணுல மட்டும்தானே?”

அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“இல்ல” என்றாள் செவிலாய். “வேற எங்கெல்லாம் வரும்னும் சொல்றேன். முதல்ல காபியைக் குடிங்க, ஆறிடும்.”