கௌரவ அணியின் ஐந்தாவது பெயர்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நடக்கும் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியில், கோப்பை வாங்குகிற அணியைவிடக் கடைசியில் வாசிக்கப்படும் ஐந்து பெயர்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம். எட்டுக் கல்லூரிகள் ஆடும். எட்டுக் கேப்டன்களும் இறுதி ஆட்டத்துக்கு முன்பு ஆளுக்கொரு சீட்டில், போட்டியிலேயே சிறந்த ஐந்து பேரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. விதி அது ஒன்றுதான். அதிக ஓட்டு வாங்கும் ஐந்து பேர்தான் கௌரவ அணி, அதாவது ஆல் ஸ்டார் அணி. அவர்களுக்கு ஒரு நீலத் தொப்பி கிடைக்கும். இரண்டு வாரம் கழித்துக் கோலாரில், பெங்களூரு கல்லூரிகளின் ஆல் ஸ்டார் அணியோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம். அதைப் பார்க்க மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் வருவார்கள். தொப்பிக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காகவே எல்லோரும் அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கத் துடித்தார்கள்.

டென்னிஸும் பரத்தும் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரே லைன் வீடுகளில் நான்கு வீடு தள்ளி வளர்ந்தவர்கள். பரத்தின் அம்மா ஷோபா விடிவதற்குள் ரயிலேறி ஒயிட்ஃபீல்டில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புவாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே பரத்துக்குச் சாயங்காலச் சோறு டென்னிஸ் வீட்டில்தான். டென்னிஸின் அம்மா எலைன் அவனுக்கென்று தட்டுகூடத் தனியாக வைத்ததில்லை. இருக்கிற தட்டில் ஒன்றை எடுத்து அவனே போட்டுக்கொள்வான்.

கல்லூரி அணியில் டென்னிஸ் கேப்டன், பாயின்ட் எடுப்பவன். பரத் பந்தைக் கொடுப்பவன். டென்னிஸ் இடது மூலையிலிருந்து ஓடிவரும்போது பந்தைப் பார்க்கவே மாட்டான். வலது உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராக விரிப்பான். பந்து அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். மூன்று வருடமாக அப்படித்தான். அந்த வருடம் டென்னிஸ் நூற்றுப் பன்னிரண்டு பாயின்ட் எடுத்தான். அதில் பாதிக்கு மேல் பரத் கொடுத்த பந்துகள்.

சீட்டு எழுதும்போது டென்னிஸ் முதல் நான்கு பெயர்களை யோசிக்காமல் எழுதினான். ஐந்தாவதில் பேனா நின்றது. முந்தைய நாள் அவன் அப்பா வால்டர் சொன்னது காதில் இருந்தது. "கேஜிஎஃப்ல இருந்து ரெண்டு பேரை எவனும் எழுத மாட்டான்டா. ஒருத்தன்தான். அது நீயா இருந்துக்க." டென்னிஸ் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. முல்பாகல் அணியில் மொத்தப் போட்டிக்கும் இருபது பாயின்ட்கூட எடுக்காத ஒருவன் இருந்தான். யாருக்கும் போட்டியில்லாத பெயர். அதை எழுதி மடித்துப் போட்டான்.

முடிவை ஓட்டு எண்ணிக்கையோடு போர்டில் எழுதினார்கள். முதல் நான்கு பேரில் சந்தேகம் ஏதுமில்லை. ஐந்தாவது இடத்துக்கு டென்னிஸுக்கும் நான்கு ஓட்டு, பரத்துக்கும் நான்கு ஓட்டு. சமமாக வந்தால் அதிக பாயின்ட் எடுத்தவனுக்கு இடம். டென்னிஸுக்கு நூற்றுப் பன்னிரண்டு, பரத்துக்கு நாற்பத்தொன்று. பரத்தை மாற்று ஆட்டக்காரன் என்று கீழே எழுதினார்கள். மாற்று ஆட்டக்காரனுக்குத் தொப்பி கிடையாது.

பரத் உண்மையாகவே டென்னிஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அப்போது அவன் மனதில் எதுவும் இல்லை.

பரிசளிப்பு முடிந்து வெளியே வந்தபோது கோலார் கேப்டன் நாகேஷ் பரத்தின் தோளைத் தட்டினான். "பேஜார் ஆவாத குரு. நான் உன் பேரை எழுதினேன்." பஸ் ஸ்டாண்டில் மாலூர் கேப்டன் அதையே சொன்னான். அவனோடு நின்றிருந்த பங்காரப்பேட்டைக் கேப்டனும், "நானும்தான்" என்றான். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் சீனிவாசபுரம் கேப்டனிடமிருந்து ஒரு செய்தி: 'என் சீட்டில் முதல் பெயர் உன்னுடையது.'

நான்கு பேர். நான்கு ஓட்டு.

பரத் போனை வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினான். பள்ளிக்கூடத்துப் பையன் போல மறுபடியும் எண்ணினான். நான்கு பேரில் ஒருவன் ஆறுதலுக்காகப் பொய் சொல்லியிருக்கலாம், அந்த ஓட்டு டென்னிஸுடையதாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது சுலபமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை இருவரும் எப்போதும்போல லைனுக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் தரையில் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வந்த தூள் தரையில் படிந்து காலை வழுக்கியது. பரத் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"டேய், நீ என் பேரை எழுதினியா?"

டென்னிஸ் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான். "இன்னாடா கேள்வி இது? மொத பேரே உன்னுதுதான். அந்த நாலுல ஒண்ணு என்னுது."

"சரி."

"நீ இன்னா நெனச்சே?"

"ஒண்ணுமில்ல. போ, ஓடு."

டென்னிஸ் மூலைக்கு ஓடினான். பரத் பந்தை அவன் உள்ளங்கையில் வைத்தான். ஒரு நூல் பிசகவில்லை. அந்த இரண்டு வாரமும் அப்படியே கொடுத்துப் பழக்கினான்.

கோலார் ஆட்டத்துக்கு வால்டர், எலைன், டென்னிஸின் தங்கை வினோலியா மூவரும் வந்திருந்தார்கள். வால்டர் மகனின் நீலத் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "நம்ம பையன், ஏழாம் நம்பர்" என்றார்.

முதல் பாதியில் ஏழாம் நம்பருக்குப் பந்தே வரவில்லை. மற்ற நால்வரும் அவனோடு ஆடிப் பழகாதவர்கள். அவன் மூலையிலிருந்து ஓடிவந்து கையை விரிப்பான். பந்து வேறு எங்கோ போயிருக்கும். இரண்டு பாயின்ட்தான் எடுத்தான். இடைவேளைக்குச் சற்று முன்னால் பங்காரப்பேட்டைப் பையனுக்குக் கணுக்கால் பிசகியது. டென்னிஸ் பயிற்சியாளர் மனோகரிடம் ஓடினான்.

"சார், பரத்தை இறக்குங்க சார். அவன் வந்தா எனக்குப் பந்து வரும்."

பரத் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தான்.

முதல் பந்தை அரை நொடி முன்னதாகப் போட்டான். டென்னிஸ் கையை விரிக்கும் முன்பே பந்து அவன் தோளில் பட்டு வெளியே போனது. இரண்டாவது பந்து முழங்கால் உயரத்தில் வந்தது. குனிந்து தட்டுத்தடுமாறி அதை எதிராளியிடமே தள்ளினான். பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. "பரவால்லடா, அடுத்தது" என்று பரத் கைதட்டினான்.

அடுத்ததைச் சரியாக உள்ளங்கையில் வைத்தான். டென்னிஸ் பாயின்ட் எடுத்தான். முகம் மலர்ந்து, பரத்தைப் பார்த்து விரலை உயர்த்திக் காட்டினான். அதற்கடுத்த பந்து மறுபடியும் நான்கு விரற்கடை தள்ளி வந்தது. அதற்கடுத்ததும். பெஞ்சில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த நான்கு விரற்கடை தெரியவே தெரியாது. பந்து ஆளை நோக்கித்தான் போகிறது, ஆள்தான் விடுகிறான். மற்ற மூவருக்கும் பரத் கொடுத்த பந்துகள் ஒவ்வொன்றும் பாயின்ட்டாக மாறிக்கொண்டிருந்தன.

"பிடிடா! கை இன்னா ஓட்டையா?" வால்டர் எழுந்து நின்று கத்தினார். தொப்பியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். கூட்டத்தில் சிலர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, டென்னிஸ் பக்கம் பந்து போகும்போதெல்லாம் "ஓட்டை! ஓட்டை!" என்றார்கள்.

டென்னிஸுக்கு ஆறாவது பந்தில்தான் புரிந்தது. நின்று பரத்தைப் பார்த்தான். பரத் அவனைப் பார்த்துச் சிரித்தான். நல்ல, வழக்கமான சிரிப்பு. புரிந்த பிறகும் டென்னிஸ் ஓடத்தான் வேண்டியிருந்தது. முகாம்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மூலையிலிருந்து ஓடிவந்து, இந்த முறை பந்தையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினான். பரத் அவனுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தான். அங்கிருந்து முழு வேகத்தில், நீட்டிய விரல் நுனிகளை நோக்கி எறிந்தான்.

வலது மோதிர விரல் பின்னால் மடங்கியது. பக்கத்தில் நின்றவனுக்குச் சத்தம் கேட்டது.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஜில்லா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்றார்கள். பரத்தும் ஆட்டோவில் கூடவே வந்திருந்தான். மாவுக்கட்டு காய்வதற்காக எல்லோரும் காத்திருந்தபோது மனோகர் சார் உள்ளே வந்தார்.

"பரத், உன் பேரை எடுத்துக்கினு போயிட்டாங்க. ஜூலைல முகாம். அந்த மாதிரி பந்து கொடுக்கிறவனைப் பார்த்ததே இல்லைன்றாங்க." பிறகு டென்னிஸைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

வால்டர் பரத்தை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மகனிடம் திரும்பினார்.

"அவன் வாயிலயே ஊட்டிவுட்டான். உனக்கு முழுங்கத் தெரியல."

"அவன் வேணும்னே போட்டான்பா," என்றான் டென்னிஸ். "எல்லாத்தையும் வேணும்னேதான் போட்டான்."

வால்டர் அறைந்தார். கட்டுப் போடாத பக்கமாக வந்து, கையை ஓங்கி, நர்ஸ் முன்னாலேயே அறைந்தார். "நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னு வளர்ந்த புள்ள மேல பழி போடுறியா? பொறாமை புடிச்ச நாயே!"

எலைன் வாயைப் பொத்திக்கொண்டாள். வினோலியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடிக்காதீங்க அங்கிள்," என்று பரத் அவர் கையைப் பிடித்தான். "வலியில பேசுறான்."

வால்டர் எலைனையும் மகளையும் கூட்டிக்கொண்டு மருந்து வாங்கப் போனார். வார்டில் இருவர் மட்டும் இருந்தார்கள். டென்னிஸின் கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது.

"நான் உன் பேரை எழுதல," என்றான்.

"தெரியும்."

"எப்பலருந்து?"

"நீ மொத பேரே என்னுதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சிகினே ரெண்டு வாரம் பேசாம இருந்தியா? மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமேடா."

"கேட்டேனே," என்றான் பரத்.

டென்னிஸ் கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிடு. நான் பண்ணதையும் சொல்லு, நீ பண்ணதையும் சொல்லு. அவரு என்னை அடிச்சாலும் பரவால்ல. பொறாமைல சொன்னேன்னு மட்டும் நெனச்சிகினு இருக்க வேணாம்" என்றான். 

பரத் யோசிப்பவன் போலக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"நீயே சொல்லு," என்றான். "நம்புறாரான்னு பாரு."

மாவுக்கட்டைப் பிரித்தபோது அந்த விரல் மடங்கவில்லை. இப்போதும் மடங்குவதில்லை. டென்னிஸ் கல்லூரி அணியிலிருந்து விலகினான். கைதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். பின்னால் இருந்த சிமென்ட் தரைக்கு அவன் வருவதே இல்லை. அப்பாவிடம் இரண்டு முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தான். சீட்டில் தான் செய்ததைச் சொன்னபோது வால்டர் உடனே நம்பினார். "பாவம் அந்தப் புள்ள" என்று பரத்துக்காகத் தலையில் அடித்துக்கொண்டார். பரத் செய்ததைச் சொன்னபோது காதில் வாங்கவில்லை.

மே மாதம் லைன்காரர்கள் சேர்ந்து பரத்துக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். ஃப்ளெக்ஸ் அடித்ததும் ஷாமியானா சொன்னதும் வால்டர்தான். ஷோபா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் புதுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாலை போட யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது வால்டர் மைக்கில், "டென்னிஸ் போடுவான். போட்டுத்தான் ஆவணும்" என்றார்.

டென்னிஸ் மேடைக்கு வந்தான். மடங்காத விரலில் மாலை சிக்கிக்கொண்டது. எடுத்துவிட யாரோ எழுந்தார்கள். பரத் அவசரப்படாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு, டென்னிஸ் ஒவ்வொரு நாராக விடுவித்து முடிக்கும் வரை அப்படியே நின்றான். பிறகு மைக்கை வாங்கி, "டென்னிஸ் இல்லன்னா நான் இல்ல" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜூலையில் முகாமுக்குப் புறப்பட்டபோது வால்டர்தான் அவன் பையைச் சாம்பியன் ஸ்டேஷன்வரை தூக்கி வந்தார். எலைன் டப்பாவில் கட்டிக் கொடுத்த கோழிப் பிரியாணியை ஜன்னல் வழியாக நீட்டி, மத்தியானம் சாப்பிடச் சொன்னார். ரயில் கிளம்பியது. பரத்துக்கு நல்ல பசி. பங்காரப்பேட்டை வருவதற்குள் டப்பாவைக் காலி செய்து, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.