படம் பார்க்காத ஆட்கள்

பேருந்து நிறுத்தத்துச் சுவரில் ஒட்டியிருந்த மனநல ஆலோசகரின் விளம்பரப் படம், ஒட்டிய மூன்றாம் நாள் காலை ஒன்பதே காலுக்கு, வங்கிக் காசாளர் ஒருவரைக் கண்டதும் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டது. அவர் பேருந்தில் ஏறிப் போனதும் பழையபடி நேராகப் பார்த்தது. எதிர்ப்பக்கம் கடிகாரக் கடை வைத்திருந்தவர் இதைக் கவனித்தார், அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாகத் தெரிகிறது. பத்தரைக்கு ஒரு தலைமையாசிரியை, பதினொன்றுக்கு உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் பயில்வான். மற்ற எல்லோரையும் படம் கண்ணுக்குக் கண் பார்த்துச் சிரித்தது. மாலைக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: படம் யாரைப் பார்க்க மறுக்கிறதோ, அவர் அந்த அம்மாவிடம் ரகசியமாகப் போய்வருகிற ஆள்.

படத்தின் மேல் குற்றமில்லை. ஆலோசகர் அம்மா தன்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார். “வெளியே எங்கயாவது பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். தெரிஞ்ச மாதிரிகூடக் காட்டிக்க மாட்டேன். நீங்க முதல்ல பேசினா நானும் பேசுவேன்.” பதினோரு வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வந்தார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நல்ல தையல்காரர் கிடைத்தால் நாலு பேரிடம் சொல்வார்கள், பல் மருத்துவரைப் பற்றிக்கூட வாய் ஓயாமல் சொல்வார்கள். இவரிடம் வந்து மனசு தேறிப் போனவர்களோ மூச்சுவிட மாட்டார்கள். அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கடைசியில் ஒரு விளம்பரக்காரரின் பேச்சைக் கேட்டு, “பேசலாம், வாங்க” என்ற வாசகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் போடச் சம்மதித்தார். முகத்தோடு சேர்ந்து வழக்கமும் சுவரேறிவிட்டது.

வருகிறவர்களுக்கு இது பிடிக்கவேயில்லை. பற்பசை மாதிரி இதையும் விற்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவரிடம் வந்துகொண்டிருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் அந்தச் சிரிப்பின்மேல். ஒவ்வொரு வியாழனும் பேசி முடித்து எழும்போது, “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லி அந்த அம்மா சிரிக்கிற சிரிப்பு அது. தனக்கு மட்டும் என்று அவர் பத்திரமாக வைத்திருந்த ஒன்று, எட்டடி உயரத்தில் தொலைபேசி எண்ணோடு தொங்கியது.

அவர் அங்கே போவதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மகள் நாலு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அழுதால் மனைவி உடைந்துவிடுவாள் என்று அவர் வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பழுது பார்க்கப் போகிற கட்டடங்களில், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்திக் கதவை மூடிக்கொண்டு அழுதார். என்ன பொறுமையாகச் சோதிக்கிறார் பாருங்கள் என்று குடியிருப்போர் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள். பள்ளி நூலகரான மனைவியும் வீட்டில் அழுததில்லை. மகளின் பெயரை இருவரும் சொல்வதே இல்லை. தான் எங்கோ போய் அவளைப் பற்றி வாரம் ஒரு மணி நேரம் பேசுகிறோம் என்று தெரிந்தால், என்னிடம் பேசாததை யாரிடமோ பேசினாயா என்று மனைவி மனமுடைந்துபோவாள் என அவர் நடுங்கினார். ஆலோசகரின் படிவத்தில்கூடப் பொய்ப் பெயர்தான் எழுதியிருந்தார். பாதிப் பேர் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆலோசகர் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். முகம் சுவரிலேயே தங்கியது. சுண்ணாம்பு அடித்தார்கள், அது காய்வதற்குள் முகம் மேலே வந்தது. “நான் சொல்லிக் குடுத்ததைத்தான் அது செய்யுது, என்ன சொல்லித் திட்டுறது?” என்று அவர் மெக்கானிக்கிடம் வருத்தப்பட்டார். வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மெக்கானிக் விடவில்லை, ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, மூன்று தெரு சுற்றி நடந்தார். மூன்று மாதத்தில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலைத் துணி வாங்கிக்கொண்டு கணவனும் மனைவியும் பேருந்தில் திரும்பினார்கள். “முன்னாடியே இறங்கி நடந்துடலாமா? காத்தாட இருக்கும்,” என்று மனைவியே கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளுக்குத் தெரிந்துவிட்டது, என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தார். ஆனால் முந்தின நிறுத்தத்தில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப்போட்டிருந்தார்கள். பேருந்து நிற்காமல் வந்து, படத்துக்கு நேர் எதிரே இறக்கிவிட்டது.

படம் முகத்தைத் திருப்பியது.

கடிகாரக் கடைக்காரர் விடுவாரா? “ரெண்டு பேர்ல யாருங்க?” என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். நிறுத்தத்தில் நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவியின் முகம் வெளிறிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு இத்தனை நாள் ஒளிந்து நடந்தது அலுத்துப்போய்விட்டது. போதும் என்று தோன்றியது. இவள் தலைகுனிய நான் விட மாட்டேன் என்று தோன்றியது. அண்ணாந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா? வியாழக்கிழமை வரேன்,” என்றார்.

படம் திரும்பியது. அவரை நேராகப் பார்த்து, அந்தச் சிரிப்பைச் சிரித்து, தலையசைத்தது. பிறகு, மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் பேசியாயிற்றே, இன்னும் யாருக்காக என்று சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் மனைவி துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றி முடித்து நிமிர்ந்தாள்.

“வணக்கம் மேடம்,” என்றாள்.

படம் அவளையும் பார்த்துச் சிரித்துவிட்டு, சாலையைப் பார்க்கத் தொடங்கியது. கடிகாரக் கடைக்காரர் கடைக்குள் போய்விட்டார். இருவரும் நடந்தார்கள். தெருமுனை தாண்டியதும் அவர், “நீ எந்தக் கிழமை?” என்று கேட்டார். “செவ்வாய். ஒண்ணரை வருஷமா,” என்றாள் அவள். “வீட்டுல நான் அழுதா நீ உடைஞ்சுடுவேன்னு பயந்துதான் அங்க போனேன்,” என்று அவளே தொடர்ந்தாள். “நானும் அதுக்குத்தான்,” என்றார் அவர். வீட்டுப் பூட்டைத் திறப்பதற்குள் மகளின் பெயரை இருவரும் மாறி மாறி ஆறு தடவை சொல்லியிருந்தார்கள், அழவும் அழுதார்கள். யாரும் உடைந்துபோகவில்லை.

மறுநாள் காசாளர் வணக்கம் சொன்னார். அந்த வாரமே தலைமையாசிரியை சொன்னார். பயில்வானுக்கு இருபது நாள் பிடித்தது. அதன்பின் ஆலோசகரிடம் போகாதவர்களும் சும்மா வணக்கம் சொல்லிவைத்தார்கள், யார் போகிறவர், யார் போகாதவர் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது. ஆலோசகரின் அறையில் இப்போது நாற்காலி பற்றவில்லை. வெயிலில் படத்தின் சிவப்பு வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஆனாலும் தலையசைப்பதில் குறைவில்லை. மெக்கானிக்கும் மனைவியும் புதன்கிழமைகளில் சேர்ந்து போகிறார்கள். நேரமிருந்தால் படத்தின் முன் நின்று நலம் விசாரிப்பார்கள். பேருந்து வந்துவிட்டால் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள்.