எழுதியது ஒன்று, அட்டையில் வந்தது ஒன்று

1913-ஆம் வருடம் மார்ச் மாதம், பெர்லினின் வெடிங் பகுதிச் சினிமாக் கொட்டகையில், சாகக் கிடந்த ஒரு கோமகள் தன் காதலனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய, "வெங்காயம் தின்னுட்டு வந்தியா? கொஞ்சம் தள்ளி நில்லுய்யா" என்றாள். ஊமைப் படம் என்பதால் அதைச் சொன்னது காட்சிக்கு நடுவே திரையில் வரும் எழுத்து அட்டைதான். கறுப்பு அட்டை, வெள்ளை எழுத்து, ஓரத்தில் திராட்சைக்கொடி, எல்லாம் முறைப்படியே இருந்தது. வாசகம் மட்டும் வேறு. அந்த இடத்துக்கு வால்புர்கா ஹெம்பெல் எழுதிக் கொடுத்தது நிலவு, கல்லறை, அழியாக் காதல் மூன்றும் சேர்ந்த நான்கு வரி. அட்டை எழுதியவரும் அந்த நான்கு வரியைத்தான் எழுதினார். படச்சுருளை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாலும் அந்த நான்கு வரிதான் தெரிந்தது. சுருள் ஓடித் திரையில் விழும்போது மட்டும், படம் பிடித்த அன்று அந்த வாய் உண்மையில் என்ன பேசியதோ அது வந்தது.

வால்புர்கா ஹெம்பெல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து திரைக்கதை எழுதிய பெண்மணி. பெர்லினில் அந்த வருடம் திரையில் செத்த பெண்களில் பாதிப் பேரைக் கொன்றவர் அவர்தான். மீதிப் பாதியைப் பைத்தியமாக்கியவரும் அவர்தான். படத்தில் தன் பெயர் வருவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தான் எழுதிய ஒரு வாக்கியமாவது, ஒரே ஒரு வாக்கியமாவது, கால்புள்ளி கூடக் கலையாமல் திரையில் நிற்க வேண்டும், அதை ஒரு கொட்டகை ஜனம் படிக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுவரை அதற்குக் குறுக்கே நின்றவர் டைரக்டர் யுஸ்டுஸ் க்ரோல். வால்புர்கா எட்டு வரி எழுதினால் க்ரோல் அதை "ஐயோ!" என்று சுருக்கிவிடுவார். குதிரைப்படையில் இருந்து சினிமாவுக்கு வந்தவர் அவர். வெயில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடியால் கட்டிய படப்பிடிப்புக் கூடத்தில் அவர் போட்ட சத்தத்தில் தினமும் நாலு கண்ணாடி விரிசல் விடும். அதை மாற்றுவதற்கென்றே ஒரு கண்ணாடிக்காரக் குடும்பம் கொல்லைப்புறத்தில் குடியிருந்தது. அந்த வருமானத்தில் இரண்டு பெண்களுக்குக் கல்யாணமும் முடித்திருந்தது.

குரலைப் பதிவுசெய்ய வழியில்லாத காலம் என்பதால் நடிகர்கள் முகத்தை வேலைக்கு அனுப்பிவிட்டு வாயைத் தங்கள் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். கதாநாயகி டோரெட்டெ உருகி உருகி அழுதுகொண்டே மத்தியானத்துக்கு ஈரல் சாசேஜா, உருளைக்கிழங்கு அப்பமா என்று விசாரிப்பாள். கதாநாயகன் எவால்ட் மண்டியிட்டுக் காதல் சொல்லும்போது குதிரைப் பந்தய நிலவரம் பேசுவான். இதெல்லாம் இப்போது எழுத்து எழுத்தாகத் திரையில் வந்தது. ஊர் ஆச்சரியப்பட்டது. பெர்லின் காதுகேளாதோர் சங்கத்தார் மட்டும் ஆச்சரியப்படவில்லை. உதட்டசைவைப் படித்தே பழகிய ஜனம். சங்கத் தலைவர் ஒரு தையற்காரர், அவர் கொட்டகை வாசலில் நின்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "நாங்க இத்தனை வருஷமா இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். நீங்கல்லாம் எதுக்கு அழுதீங்கன்னுதான் எங்களுக்குப் புரியல."

இரண்டாம் வாரம் நாற்காலிக்கு அடிதடி நடந்தது. கம்பெனி முதலாளி கை கழுவுவதுபோல் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். வால்புர்கா குடையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கூடத்துக்குப் போனார். மழை இல்லை, குடை வேறு காரியத்துக்கு.

"டைரக்டரே, சாகப்போற பொண்ணு வெங்காயத்தைப் பத்திப் பேசுறா!"

"முகம் அழுதுச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க ஹெம்பெலம்மா."

"அழுதுச்சு."

"அப்புறமென்ன? முகம் என் பொறுப்பு. அது ஒழுங்கா இருக்கு. வாய் என்ன பேசினா உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? முகத்தை நீங்களே வெச்சுக்குங்க. வாய் என்னோடது! அதுல வர்றது என்னோடதா இருக்கணும்!"

டோரெட்டெ கண்ணாடி பார்த்து மூக்குக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, "அப்போ என் பல்வலிக்கும் நீங்களே டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடுங்கம்மா" என்றாள். குடை அந்தப் பக்கம் திரும்பியது. எவால்ட் இடையில் புகுந்து தடுத்தான். அவன் வாங்கிய அடிக்கு அடையாளமாகக் கடைசிவரை புருவத்தில் ஒரு கோடு இருந்தது. அது அவனுக்கு அழகாகவும் இருந்தது.

முதல் வைத்தியமாக, நடிகர்கள் எழுதியதை அப்படியே பேச வேண்டும் என்று வால்புர்கா முதலாளியிடம் உத்தரவு வாங்கினார். எவால்டைத் தாடைக்காகத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள்; மேலே மண்டைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று யாரும் விசாரித்திருக்கவில்லை. அடுத்த படத்தில் அட்டை இப்படி வந்தது: "என் உயிரே, உன்னைக் காணாத பொழுதெல்லாம் நான் ஒரு... அந்த... என்னது அது? கப்பலா? கப்பலாம்மா, கப்பலோட்டியா?" பாரிஸ் முதல் பீட்டர்ஸ்பர்க் வரை காதலர்கள் ஒருவரையொருவர் "என்னது அது, கப்பலா?" என்று கொஞ்சிக்கொண்டார்கள். வால்புர்கா ஒரு வாரம் ஜுரத்தில் படுத்தார்.

இரண்டாவது வைத்தியம், எல்லாரும் வாயை இறுக மூடிக்கொண்டு நடிப்பது. மூடினார்கள். பேசும் வாய் அகப்படாத அட்டைகள் அக்கம்பக்கத்தில் தேடி, கூடத்திலேயே பெரிய வாயைக் கண்டுபிடித்தன. நிலவொளியில் முத்தமிடும் ஜோடிக்கு அடுத்தபடியாக, கொட்டை எழுத்தில், "இடது கை! டேய், இடது கைடா கழுதை! அது இடதா? உங்கப்பன் வந்து காட்டணுமா? முத்தம் குடு! கடிக்காதே!" என்று வந்தது. ஜெர்மானிய ராஜ்யம் முழுக்க யுஸ்டுஸ் க்ரோலைப் படித்தது. அவர் தெருவில் நடந்தால் ரொட்டிக்கடைக்காரர் இடது கையை உயர்த்திக் காட்டுவார். பிரெஸ்லாவிலிருந்து அவருடைய தாயார் ரயிலேறி வந்து, நடுக்கூடத்தில், அத்தனை விளக்குக்கும் நடுவே அவர் காதைப் பிடித்துத் திருகி, "ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனேனே, இதுக்குத்தானாடா?" என்று கேட்டுவிட்டு அதே ரயிலில் திரும்பினார். அன்றைக்குத்தான் க்ரோல் முதன்முறையாக வால்புர்காவின் சமையலறைக்கு வந்து, ஆறிப்போன காபியைக் குடித்து, "சரி, என்ன பண்ணலாம் சொல்லுங்க" என்றார்.

அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. வெற்றிப் படங்கள் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். டர்னிப் கிழங்கைத் தவிர எதுவும் கிடைக்காத அந்தக் குளிர்காலத்தில், குதிரைமேல் இருந்த தளபதி வாளை உருவி ஆயிரம் வீரர்களைப் பார்த்து, "இன்னைக்கும் டர்னிப்தான்னா நான் இறங்கிடுவேன், சொல்லிட்டேன்" என்றார். தணிக்கை அதிகாரி அந்தச் சுருளை ஜன்னலோரம் பிடித்து, அதில் இருந்த தேசபக்தி வாக்கியத்தைப் படித்து, முத்திரை குத்தினார். சட்டத்துக்குச் சுருளில் எழுதியிருப்பதுதான் தெரியும், திரையில் தெரிவது அதன் எல்லைக்குள் வராது என்பது அவர் வாதம். மேலதிகாரியும் அதை ஒப்புக்கொண்டார். அவரும் அன்று டர்னிப்தான் சாப்பிட்டிருந்தார்.

யுத்தம் முடிந்த அடுத்த இலையுதிர்காலத்தில் மூன்றாவது வைத்தியம் நடந்தது. ரயில் நிலையத்தில் மனைவி கணவனை வழியனுப்பும் காட்சி. அதற்கென வால்புர்கா மூன்று வாரம் தின்னாமல் தூங்காமல் செதுக்கிய ஒரு வாக்கியம். நடிகர்கள் வாய் திறக்கக் கூடாது. க்ரோல் சாப்பாட்டு மேஜைத் துணியால் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டு கையால் மட்டும் டைரக்ட் செய்வார். தச்சர்கள் வெறுங்காலில் நடப்பார்கள். கண்ணாடிக்காரக் குடும்பத்தை அவர்களுடைய அத்தை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வால்புர்கா கேமராவுக்குப் பக்கத்தில் காகிதத்தோடு நின்று தன் வாக்கியத்தைத் தானே உரக்கச் சொல்லுவார். கூடத்தில் திறந்த வாய் அது ஒன்றுதான் என்றால், அட்டைக்கும் அதைத் தவிர வேறு கதி கிடையாது. படச்சுருள் தட்டுப்பாடு, இருந்தது ஒரே ஒரு தடவைக்கு. மேலே கண்ணாடிக்கு அப்பால் சூரியனைப் பார்த்து ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. க்ரோல் கையை இறக்கினார். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

படுதாவில் வரைந்த ரயிலுக்கு முன்னால் எவால்ட் நின்றான். போர்முனையிலிருந்து திரும்பி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தாடை அப்படியே இருந்தது; அதன் கீழே கழுத்து மட்டும் இறகு பறித்த கோழிக் கழுத்துபோல் ஆகியிருந்தது. பழைய ராணுவக் கோட்டு, மேல் பொத்தான் திறந்து கிடந்தது. டோரெட்டெ அவன் தோளைத் தொட்டாள். வால்புர்கா காகிதத்தை உயர்த்தினார், மூச்சை இழுத்தார், அந்தக் கழுத்தைப் பார்த்தார்.

"பொத்தானைப் போட்டுக்கப்பா," என்றார். "அங்க குளிர் ஜாஸ்தி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவசரமாகக் காகிதத்தைப் பார்த்து வாய் திறப்பதற்குள் மேகம் வந்துவிட்டது, சுருளும் தீர்ந்துவிட்டது.

வெடிங் கொட்டகையில் படம் ஓடியது. அந்த இடம் வந்தது. கறுப்பு அட்டை, வெள்ளை எழுத்து, திராட்சைக்கொடி. சிரிக்கத் தயாராக வந்த ஜனம் அதைப் படித்தது. பீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் ஊற்றுவதை நிறுத்தினான். எத்தனையோ பெண்கள் நிஜ ரயில் நிலையங்களில் அதற்குமேல் எதுவும் சொல்லத் தெரியாமல் நின்றவர்கள்; அவர்களில் ஒருத்தி தொடங்கி, வரிசை வரிசையாக, ஆண்களும் சேர்ந்து அழுதார்கள். கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, கொட்டகைக்காரர் மறுநாள் வாளியால் இறைத்தார்.

வால்புர்கா பின்வரிசையில் துள்ளி எழுந்தார். "இது நான் எழுதினது இல்ல!"

முன்னால் இருந்த பெண்மணி திரும்பி, "வாயை மூடிட்டு உக்காரும்மா, படிக்க விடு" என்றாள்.

வெளியே க்ரோல், இரண்டு கைக்குட்டைகளும் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தார். "வந்துருச்சே ஹெம்பெலம்மா, உங்க வாக்கியம்! முழுசா வந்துருச்சே! ஊரே படிச்சுச்சே!"

"அது வாக்கியமாய்யா? அது வீட்ல பேசுறது! மூணு வாரம் ரத்தம் கக்கி எழுதினது மடியில கிடக்கு, மூணு விநாடியில உளறினது மேல ஏறி உக்காந்திருக்கு!"

"அதுவும் உங்க வாய்தானே?"

"என் வாய்தான். ஆனா எனக்கு அதைத் தெரியாது!"

அதன்பிறகு பத்து வருடம் அப்படியே போனது. ஒவ்வொரு படத்துக்கும் வால்புர்கா புதுக் காகிதத்தோடு கேமரா பக்கத்தில் நின்றார், இந்த முறை எழுதியதை மட்டுமே படிப்பேன் என்று சத்தியம் செய்தார், முகங்களைப் பார்த்தார், வேறு எதையோ சொன்னார். "அவன் சாப்பிட்டானான்னு கேளு." "எழுந்திரு, எல்லாருக்கும்தான் போச்சு." பணம் மதிப்பிழந்து, நோட்டு மூட்டை மூட்டையாகக் கொடுத்து ஒரு ரொட்டி வாங்கிய காலத்திலும் ஜனம் அந்த அட்டைகளுக்காக வரிசையில் நின்றது. பேரும் வந்தது, பெரிய எழுத்தில். அவர் ஒரு நாள்கூடச் சந்தோஷப்படவில்லை. எழுதி வீணான வாக்கியங்களை உருளைக்கிழங்கு மூட்டை வைக்கும் நிலவறையில் அடுக்கி வைத்திருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள், சுவருக்குள் யாரோ விடாமல் பெருமூச்சு விடுகிறார்கள் என்று புகார் சொல்லி, பிறகு பழகிக்கொண்டார்கள்.

1930-இல் பேசும் படம் வந்தது. மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞர்கள் வந்து, டைரக்டர் மூச்சு விடக்கூடாது, திரைக்கதைக்காரர் பக்கத்திலேயே வரக்கூடாது, நடிகர்கள் காகிதத்தில் உள்ளதை மட்டும் எழுத்துக்கு எழுத்துப் பேச வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். க்ரோலை, சத்தம் வெளியே வராதபடி திண்டுகள் அடித்த ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். வால்புர்கா நிலவறையில் கிடந்த வாக்கியங்களை மூட்டையாகக் கட்டி மேலே தூக்கிக்கொண்டு வந்தார்.

முதல் காட்சி அன்று புதுத் தொப்பியோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கால்புள்ளி கேட்டது. அரைப்புள்ளிகூடக் கேட்டது. நிலவும் கல்லறையும் அழியாக் காதலும் ஒன்றன்பின் ஒன்றாக, தெளிவாக, கணீரென்று வந்தன. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு முதல் சுருளில் சுருங்கியது, இரண்டாம் சுருளில் இறங்கியது. மூன்றாம் சுருளில் பக்கத்தில் இருந்த க்ரோலின் தொடையைக் குத்தி, "யாருய்யா எழுதினது இந்தக் கண்றாவியை?" என்றார்.

"நீங்கதாம்மா," என்றார் க்ரோல், களைத்துப்போய்.

படம் முடிந்ததும் ஜனம் எழுந்து போகவில்லை. அட்டை எப்போது வரும் என்று கொட்டகைக்காரரிடம் மரியாதையாக விசாரித்தது. பேசும் படத்தில் அட்டை கிடையாது என்றார் அவர். ஜனம் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று கேட்டதுபோல் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது, மறுவாரம் வரவில்லை. கொட்டகைக்காரர் யோசித்து, வியாழக்கிழமைகளில் சத்தம் நிறுத்தப்படும் என்று வாசலில் எழுதிப் போட்டார்.

வியாழக்கிழமை கொட்டகை நிரம்பியது. ஆபரேட்டர் ஒலியை அணைத்தார். இப்போது அம்மா வேஷத்துக்கு வந்துவிட்ட டோரெட்டெ வாய் ஓயாமல் பேசினாள். பேசி முடித்து மகன் மார்பில் சாய்ந்தாள். சுருளில் யாரும் ஒட்டாத ஓர் அட்டை திரையில் வந்தது. ஆபரேட்டர் சுருளைத் தொட்டுப் பார்த்தார், அதில் அப்படி ஒன்றும் இல்லை, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டார். பூச்சாடி மைக்குக்கு எட்டாமல் அவள் முணுமுணுத்தது அட்டையில் இருந்தது: "மூச்சு விட இடமில்லாம எழுதி வெச்சிருக்கா பாரு மகராசி, இவளை ஒருநாள் இங்க நிக்க வெச்சு இதைப் பேசச் சொல்லணும்."

கொட்டகை இடிந்து விழும்படி சிரித்தது. வால்புர்கா ஹெம்பெல் அட்டையை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார்.

"நானும் அதைத்தான் சொல்றேன்," என்றார். முன்வரிசைக்காரரிடம் தொப்பியைக் கழற்றச் சொல்லிவிட்டு, அடுத்த அட்டைக்காக நிமிர்ந்து உட்கார்ந்தார்.