மாமனார் காத்த ரகசியம்

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மாமனார் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மகள் முன்னால் போட்டார்.

"எழுது. கல்லூரி நர்ஸ் கட்டாயப்படுத்தினதாலதான் ரத்தம் குடுத்தேன்னு எழுது."

தண்ணீர்க் குவளையோடு வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாத்தனாரும் அவளும் ஒரே கல்லூரி. மருமகள் படிப்பு முடிவதற்குள் கல்யாணமாகி, ஆறு மாதமாக இந்த வீட்டிலிருந்துதான் கடைசி வருஷத்துக்குப் போய்வருகிறாள். உடலுறவால் வரும் நோய்களுக்கான பரிசோதனை முகாம் நேற்று அங்கே தொடங்கியது. நர்ஸ் தொண்டை வறளப் பேசியும் ஒருவரும் நாற்காலியில் உட்காரவில்லை. முதலில் உட்காருகிறவளைப் பற்றிக் கதை கட்டிவிடுவார்கள் என்ற பயம். கடைசியில் நாத்தனார்தான் போய்க் கையை நீட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் வந்தார்கள். மருமகள் போகவில்லை. கல்யாணமானவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

மாமனார் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவர். முகாமில் எடுத்த ரத்தமெல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். குழாயில் பெயர் இருக்காது. எண்ணும் பிறந்த தேதியும்தான். பெற்ற மகளின் பிறந்த தேதி அவருக்குத் தெரியாதா?

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்கதானேப்பா பாத்தீங்க?" என்றாள் மகள்.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? போனதே தப்பு. நாலு பேரு என்ன நினைப்பாங்க? இந்தக் கடுதாசி நாளைக்கு பிரின்சிபால் கைக்குப் போகணும். அந்த முகாமை இழுத்து மூடணும்."

"அந்த நர்ஸோட வேலை போயிடும்பா."

"போகட்டும்."

"நான் எழுத மாட்டேன்."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனைக் காட்டினார்.

"ஒரு சங்கடத்தை எப்படி முடிக்கணும்னு உன் அண்ணனைப் பாத்துக் கத்துக்க. நாலு மாசம் முன்னாடி அவனுக்கே அந்த நோய் வந்துச்சு, முகாம் நர்ஸுன்னு ஊரைக் கூட்டினானா? எங்கிட்ட வந்தான். நானே பாத்தேன், தெரிஞ்ச டாக்டரை வச்சு ஊசி போட்டேன். யாருக்காச்சும் தெரிஞ்சுதா?"

"அப்பா..." என்றான் மகன், தலையை நிமிர்த்தாமல்.

யாருக்கும் தெரியவில்லைதான். நாலு மாதம் முன்பு என்றால் கல்யாணமாகி இரண்டு மாதம். அலர்ஜிக்கு ஊசி போட்டதாகக் கணவன் சொன்னது மருமகளுக்கு ஞாபகம் வந்தது. பாவம் என்று அன்றைக்கு அவனுக்குப் போர்வை போர்த்திவிட்டு, தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்த நோய் வந்தவர்களிடம் "உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் பாக்கணும்" என்று தினமும் பரிசோதனைக் கூடத்து ஜன்னல் வழியே சொல்லி அனுப்புகிற மனிதர் மாமனார். முன்பின் தெரியாத பெண்களுக்காகச் சொன்னவர், மூன்று வேளையும் தனக்குப் பரிமாறுகிறவளிடம் நாலு மாதமாக வாயைத் திறக்கவில்லை. மகளின் சுத்தமான ரத்தம் குடும்ப மானத்தை வாங்கிவிட்டதாம். மகனின் நோயை மறைத்ததுதான் அதைக் கட்டிக் காத்ததாம். இந்த மானத்தைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் போட வேண்டும்.

மருமகள் குவளையைக் கீழே வைத்தாள். முதலில் வந்தது பயம்தான். அடுத்து வந்த ஆத்திரத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை.

"முகாம் நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"பத்து மணிக்கு அண்ணி."

"நானும் வரேன்."

"உள்ள வா, பேசிக்கலாம்" என்று கணவன் எழுந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நாத்தனாருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாமனாரின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "நீ எதுக்கும்மா அங்கெல்லாம் போய் நிக்கணும்? உனக்கென்ன வந்துச்சு?"

"அதை நாலு மாசம் முன்னாடி கேட்டிருக்கணும் மாமா. நீங்க கேக்கல. நாளைக்கு நானே போய்க் கேட்டுக்கறேன்."