மூன்று கிலோமீட்டர் ஆர்.எஸ்.புரம்

புவனா ஸ்கூட்டரில் போகும்போது மட்டும் கருமத்தம்பட்டியிலிருந்து ஆர்.எஸ்.புரத்துக்கு மூன்று கிலோமீட்டர். மற்றவர்களுக்கு வழக்கம்போல முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. இதை முதலில் கண்டுபிடித்தவர் அவளுடைய மாமனார் மாரப்பன். கண்டுபிடித்தாரே தவிர நம்பவில்லை, மருமகளைச் சந்தேகப்பட்டார்.

சந்தேகப்பட்டே நாலு தறியை நாற்பது தறியாக்கியவர் அவர். நூல் மூட்டையை இரண்டு தராசில் நிறுப்பார். பால்காரர் எதிரிலேயே பாலை விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பார். அவர்கள் தோட்டத்துப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸும் நின்றுபோனபோது, ஆர்.எஸ்.புரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போய்வர மகன் கதிர்வேல் தன் மனைவிக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தந்தான். சாயங்காலம் அவள் வண்டியை நிறுத்தியதும் மாரப்பன் மீட்டரை எட்டிப் பார்ப்பார். போக மூன்று, வர மூன்று. சார்ஜ் இறங்கியே இருக்காது.

"எங்க போயிட்டு வர்றே அம்மணி?"

"ஆஸ்பத்திரிக்குத்தானுங்க மாமா."

மூன்று கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று மாரப்பன் யோசித்தார். கல்யாண மண்டபம், பூட்டிக் கிடக்கும் மில், வாடகைக்கு விட்ட சில வீடுகள். அந்த வீடுகள்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தன. ஒருநாள் அவள் கிளம்பிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எடுத்தவள் புவனாவேதான். குரல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் மகனை ஓட்டச் சொல்லி அவன் பைக்கில் ஏறி அவளைப் பின்தொடர்ந்தார். அவள் வேகமாகப் போகவில்லை. ஒரு டிராக்டருக்கு ஒதுங்கி வழிகூட விட்டாள். லாரிகளை நிறுக்கும் எடைமேடையைத் தாண்டியதும் சின்னதாகி மறைந்துபோனாள். அப்பனும் மகனும் வெயிலில் வெந்து போய்ச் சேர்ந்தபோது, பாதி வரிசைக்கு டோக்கன் கொடுத்து முடித்திருந்தாள். "இந்த வெயில்ல எதுக்குங்க மாமா வந்தீங்க?" என்று தண்ணீர் கொடுத்தாள். மாரப்பன் அந்தத் தண்ணீரையும் முகர்ந்து பார்த்தே குடித்தார்.

அடுத்த வருஷம் அவளைப் பற்றி ஊரும் பேச ஆரம்பித்தது. ஒரு காலையில் கதிர்வேல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, வேலையை விட்டுவிடச் சொன்னான். புவனா அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

"ஒருக்கா பின்னால உக்காந்து வாங்க மாமா. அப்புறம் நீங்க சொல்றதக் கேட்டுக்கறேனுங்க."

மாரப்பன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். எடைமேடை போனது. அதன் சுவரை ஒட்டியே விமான நிலையத்தின் சுவர் நின்றது. அதையடுத்து ஒரு பூக்கடை, பிறகு மேம்பாலம், பாலத்தின் இறக்கத்திலேயே பட்டுக்கடைகள். வீட்டுத் தறிச் சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் ஆர்.எஸ்.புரம் வந்துவிட்டது. இறங்கிச் செருப்பைக் கழற்றித் தரையை மிதித்துப் பார்த்தார். நகைக்கடைக் காவலாளியிடம் இது எந்த ஊர் என்று கேட்டார். அவன் சொன்ன பதிலை இன்னும் இரண்டு பேரிடம் சரிபார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "நீ போ கண்ணு, வேலைக்கு நேரமாச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முகம் சிவந்திருந்தது.

"அம்மணி வேலைக்குப் போகட்டும். அவ மேல ஒரு தப்புமில்ல. இத்தன வருஷமா அந்த பஸ்காரன்தான் நம்மளைச் சுத்திச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கறான்."