அடியில் இருப்பவள்

ரப்பர் வாத்தியாரின் மனைவி போய்ச் சேர்ந்த பிறகுதான், அந்த வீட்டில் அவள் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை என்ற விஷயம் வெளியே வந்தது. ஊரெல்லாம் படம் வரைந்து தொங்கவிட்டவர் வீட்டுக் கதை இது.

கேமரா எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். அதனால் படங்களில் எல்லாரும் இருந்தார்கள், அவள் இல்லை. யாராவது கேமராவைப் பிடுங்கினால், "என்னை எதுக்கு?" என்று கையை நீட்டி மறைப்பாள். ஆல்பம் முழுக்க அவளுடைய உள்ளங்கை. ரேகைகூடத் துல்லியமாக விழுந்திருந்தது. ஜோசியர் எவராவது பார்த்திருந்தால் ஆயுளைச் சொல்லியிருப்பார். இனிமேல் சொல்லி என்ன. அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது. ஆனால் அது அவளல்ல, அவளைப் பிடிக்காத யாரோ போலீஸில் சொன்ன அங்க அடையாளம். மகளுடைய கைபேசியில் இருந்தவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்தவை. அவற்றை அப்பாவும் திறப்பதில்லை, மகளும் திறப்பதில்லை.

"நீங்களே வரைஞ்சிடுங்களேன்ப்பா," என்றாள் மகள். அவள் பல் டாக்டர். எதையும் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கிற சுபாவம். "கூடத்துல மாட்டணும். எனக்கு அம்மாவப் பாக்கணும் போல இருக்கு."

வாத்தியார் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். பழுப்பு நிறத்தில் ஒரு முட்டை வடிவம் வந்தது. அதன் குறுக்கே சாய்வாக மஞ்சள் வெளிச்சம் ஒன்று. இடது மூலையில் கொஞ்சம் கருப்பு. நல்ல அமைப்புதான், மாணவன் எவனாவது கொண்டுவந்திருந்தால் முதல் மதிப்பெண் போட்டிருப்பார். மறுபடி மூடினார். மறுபடி அதே முட்டை. மனைவிக்கு இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் இருந்தன என்பது அறிவுக்குத் தெரிந்தது. நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செத்தவளை எல்லாரும் ஒருதரம்தான் இழப்பார்கள். இவருக்கு இரண்டாம் தரம் ஆரம்பித்திருந்தது.

இதற்குப் பழி சொல்ல வேண்டுமானால் அவருடைய தொழிலைத்தான் சொல்ல வேண்டும். கலைக் கல்லூரியில் தலை நரைக்கும்வரை பாடம் எடுத்தவர். பாடம் என்ன பாடம், ஒரே சொல்தான்: "அழி." ரப்பர் என்ற பட்டம் அப்படி வந்தது. மாணவன் மரம் வரைந்து கொண்டுவருவான். "இலை வேணுமா?" என்பார். அவன் அழிப்பான். "கிளை வேணுமா?" அதையும் அழிப்பான். "தண்டு உன்ன என்ன பண்ணுது?" ஒருவன் இப்படியே அழித்துக்கொண்டு போய்க் கடைசியில் காகிதத்திலும் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை வழியாக வெளியே பார்த்து, எதிர்க்கடையில் ஆள் தேவை என்ற பலகையைப் படித்து, வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்குச் செழிப்பாக இருக்கிறான் என்று கேள்வி.

தன் படங்களிலும் அவர் சும்மா இருக்கவில்லை. முதலில் முக்கோணங்கள். பிறகு சிவப்பு வட்டங்கள். பிறகு சாம்பல் கோடுகள். வயதான பிறகு வெறும் நீலம், ஓரத்திலிருந்து ஓரம்வரை. ஜன்னல் பக்கம் சாத்தி வைத்திருந்தபோது ஒரு கொக்கு உள்ளே வந்து அந்த நீலத்துக்கு எதிரில் ஒற்றைக்காலில் நின்றது. மீன் வருமென்று பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. விமர்சகர்கள் எழுதியதைவிட அந்தப் பார்வை சரியாக இருந்தது என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியதுண்டு.

மனைவிக்கும் படத்துக்குப் படம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. முக்கோணத்தைப் பார்த்து, "ஒட்டுப்போட்ட தலையணை உறை," என்றாள். வட்டத்தைப் பார்த்து, "யாரு டம்ளரை இங்க வச்சது?" என்றாள். கோடுகளைப் பார்த்து, "மழை வருது, துணி எடுத்தாச்சா?" என்றாள். நீலத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். "துடைக்க சுலபம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்தப் பேச்செல்லாம் ஒரே கேன்வாஸுக்கு எதிரில் நடந்தவை. கல்யாணமான வருஷம் வாங்கிய கேன்வாஸ் அது. நல்ல அழுத்தமான துணி, கனத்த சட்டம். புதுப் பாணி எது மனதில் வந்தாலும் அதில்தான் முதலில் போட்டுப் பார்ப்பார். பழையதின் மேலேயே பூசிவிடுவார். மற்றவை எல்லாம் கண்காட்சிக்குப் போகும்; அது வீட்டைவிட்டு நகர்ந்ததில்லை.

குளித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. முக்கோணத்துக்கும் முன்னால் அந்தத் துணியில் அவர் வரைந்தது யாரை? ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அவளை உட்காரவைத்து, நாள்கணக்கில் வரைந்தாரே!

"அவ இங்கதான் இருக்கா!" என்று கத்திக்கொண்டு துண்டோடு ஓடிவந்தார். காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது.

"யாருப்பா?"

"உங்கம்மா. நீலத்துக்கு அடியில."

மகள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது, சூடாக இல்லை. பிறகு அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவளும் சாப்பாட்டை மறந்தாள்.

சுரண்டுவதற்கு முன்னால் உள்ளே ஆள் இருக்கிறாளா என்று பார்த்துவிட வேண்டும் என்றாள். டாக்டர் புத்தி. பல்லுக்கும் எலும்புக்கும் எக்ஸ்ரே எடுக்கிற ஒருவர் அவளுக்குப் பழக்கம். கேன்வாஸைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பள்ளம் வந்தபோதெல்லாம் வாத்தியார், "மெதுவா, மெதுவா," என்றார்.

எக்ஸ்ரேக்காரர் வாத்தியாரைக் கண்டதும் எழுந்து நின்றார். "சார், நான் உங்க ஸ்டூடண்ட். ஒரு வருஷம்தான். 'உனக்கு மேலோட்டமாத்தான் பார்க்க வருது, வேற தொழில் பாரு'ன்னு அனுப்பிட்டீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"நல்லதுக்குத்தான் சார். பேஷண்ட் எங்கே?"

வாத்தியார் போர்வையை விலக்கினார். எக்ஸ்ரேக்காரர் நீலத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"பேர் என்ன போடட்டும்?"

"என் வைஃப்," என்றார் வாத்தியார்.

எக்ஸ்ரேக்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். கேன்வாஸை மேஜையில் கிடத்தி, கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று, பழக்கதோஷத்தில், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க," என்றார். கேன்வாஸ் எப்படியோ தெரியாது, வாத்தியார் பிடித்தார். 'விடலாம்' என்று யாரும் சொல்லாததால் பிலிம் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

பிலிமில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது: கோடு, வட்டம், முக்கோணம், ஒரு வாழ்க்கை முழுக்கக் குவித்துவைத்த குப்பை. அதற்கெல்லாம் நடுவில், கழுத்தும் தோளும். கழுத்துக்கு மேலே பளீரென்று வெள்ளையாக ஒரு முகவட்டம்.

"ஈயம் கலந்த வெள்ளை பூசியிருக்கீங்க சார். அதான் இப்படிப் பளிச்சுனு விழுது," என்றார் எக்ஸ்ரேக்காரர். "அம்மா நல்ல நிறமோ?"

வாத்தியார் அழுதுகொண்டிருந்தார். மகளும்தான்.

மறுநாளே வேலை ஆரம்பமானது. பெயிண்டை இளக்க டர்பன்டைன் போதவில்லை. அதைவிடக் காரமான ஒன்றை வாங்கிவந்து பஞ்சில் நனைத்து வைத்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்தும் சுவரிலிருந்த பல்லி மயங்கி விழுந்து, மறுநாள் எழுந்து, எதுவும் நடக்காத மாதிரி போனது. பல்லில் படிந்த காரையை எடுக்கும் வளைந்த கருவிகளை மகள் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தாள். ஈறு கிழியாமல் எடுக்கத் தெரிந்த கை. அவர் பஞ்சால் இளக்குவார், அவள் சுரண்டுவாள்.

நீலம் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதை வரைந்தபோது அவருக்குச் சாவைப் பற்றி என்னவோ பெரிய எண்ணமெல்லாம் இருந்தது. ஒரு முறத்தளவு தூளானது. சாம்பல் கோடுகள் சீக்கிரம் போய்விட்டன. சிவப்பு வட்டங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. விருது வாங்கிய பாணி, அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும். முக்கோணங்களை எடுக்கும்போது தனக்குப் பெயர் வாங்கித் தந்த எல்லாப் பாணிகளையும் ஒருசேர உரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. வருத்தமாக இருக்குமென்று பார்த்தார். இல்லை. பாதையை மறைத்த புதரை வெட்டுகிற அவசரம்தான் இருந்தது.

முதலில் தோள் வந்தது. பிறகு மடியில் வைத்த கைகள். "இந்த விரல்!" என்றாள் மகள். "சுண்டுவிரல் வெளிய நிக்குது பாருங்க. டீ குடிக்கிறப்பகூட இப்படித்தான்." பிறகு கழுத்து, கழுத்தில் ஒரு மச்சம், காது. காது அவ்வளவு அருமையாக இருந்தது. வெயில் பின்பக்கமிருந்து பட்டுக் காதுமடல் லேசாகச் சிவந்திருந்தது. இதை வரைந்தவன் யார் என்று வாத்தியாருக்கு ஒரு கணம் பொறாமையாக இருந்தது.

"முகத்தை நான் எடுக்கறேன்ப்பா. நீங்க பஞ்சை மட்டும் வைங்க."

அவள் நெற்றியில் ஆரம்பித்தாள். முக்கோணத்தின் கடைசித் துணுக்கு விழுந்தது. வெள்ளை. கண் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தாள். வெள்ளை. அவள் வேகம் குறைந்தது. வாய் இருக்க வேண்டிய இடம். அங்கேயும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, தடிமனாக, வெள்ளை.

"இதுக்கும் அடியிலதானே?" என்றாள் மகள்.

வாத்தியாருக்கு அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. முகத்தைக் கடைசிக்கென்று வைத்திருந்தார். காதும் கையும் கேட்டபடி வந்தன. முகம் வரவில்லை. காலையில் வரைவார், சாயங்காலம் அது யாரோவாக இருக்கும், வழித்துவிட்டு வெள்ளை அடிப்பார். மறுநாளும் அப்படியே. "முடிஞ்சுதா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கும் சலித்துப்போயிற்று. அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரி முதல்வர் வீட்டுக்கு வந்தவர், வெள்ளை முகத்தைப் பார்த்து, "அடேயப்பா! முகமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? என்ன துணிச்சல்!" என்றார். இவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். கல்லூரியில் வேலை கிடைத்தது. அடுத்த வாரம் முக்கோணம் போட்டார். 'முகம் ஒரு பொய் என்று நான் உணர்ந்த நாள்' என்று வகுப்பில் வருஷா வருஷம் அதைச் சொல்லிச் சொல்லி, தானும் நம்பிவிட்டார்.

அவள் காப்பி கொண்டுவந்து நின்று அந்த முதல்வர் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவருக்கு அவள் ஒருநாளும் உட்கார்ந்து கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அடியில ஒண்ணுமில்லம்மா," என்றார். "எனக்கு வரல. மூஞ்சி எனக்கு வரவே இல்ல."

மகள் கருவியைத் துடைத்துத் தட்டில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைப் பாத்து வரைங்க. எல்லாரும் நான் அம்மா ஜாடைன்னுதானே சொல்றாங்க."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எது அவளோடது, எது என்னோடதுன்னு தெரியலையேம்மா."

"மூக்கு உங்களோடது. அம்மா சொல்லிட்டே இருப்பா, 'அந்த மூக்கை மட்டும் அவர் கொடுக்காம இருந்திருக்கலாம்'னு. மத்ததெல்லாம் அவளோடதாம்."

அவர் பென்சிலை எடுத்தார். வெள்ளையின்மேல் கண் போட்டார், புருவம் போட்டார். உதடு போட்டார். மூக்கின் இடத்தை விட்டுவிட்டார். கை தன்பாட்டுக்கு ஓடியது, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றுகிற மாதிரி. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. கிளினிக்கிலிருந்து போன் அடித்து ஓய்ந்தது.

மகள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இது நான்ப்பா," என்றாள். கொஞ்சம் கழித்து, "மூக்கு இல்லாத நான்," என்றாள்.

அவருக்கும் தெரிந்தது. பென்சிலை மட்டும் கீழே வைக்கவில்லை. வைத்தால் இனி எடுக்கமாட்டோம் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

"போய் உக்காரும்மா," என்றார். "அவ சிரிக்கற மாதிரி கொஞ்சம் சிரியேன்."

அவள் போய் உட்கார்ந்தாள். அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று யோசித்தாள். உதட்டை அப்படி வைத்துப் பார்த்தாள், இப்படி வைத்துப் பார்த்தாள். அவர் பென்சிலைத் தூக்கியபடி காத்துக்கொண்டிருந்தார்.