கூடையில் போட்ட படங்கள்

கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின மதியம் மகன் கணினியை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தான். முதலில் திரையில் அணைக்க வேண்டும், அது முழுதாக ஓய்ந்த பிறகுதான் சுவரில் இருக்கும் சுவிட்ச். உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஈரம் ஆகாது. காற்றுப் போகும் துளைகளை எதுவும் மறைக்கக் கூடாது. திரையில் கண்டதையும் பரப்பி வைத்தால் மெஷின் திணறும். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது.

யாரிடம் சொல்லப் போகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் தையற்காரி. சொன்ன அளவில் நூல் பிசகாதவள். அளவு கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். அதன் பிறகு வீட்டில் தையல் மெஷினின் சத்தம் மட்டும்தான். சாயங்காலம் அதுவும் நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்காருவாள். அது தொடங்கும்போது சின்னதாக ஓர் இசை எழும். அதற்கு அவள் ‘ம்’ என்பாள்.

கரையில் சிக்னல் கிடைக்கும்போது மகன் அனுப்பும் படங்கள் நேராகத் திரையில் வந்து விழும். அவனே செய்துவைத்த ஏற்பாடு. அவனுடைய போனில் இடம் போதாது. படம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் போனில் அழித்துவிடுவான். உன்கிட்ட இருந்தா போதும்மா என்று சொல்லியிருந்தான்.

ஒவ்வொரு படத்தையும் அவள் கண் நிறையப் பார்ப்பாள். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கழுத்துப்பட்டி தொளதொளத்திருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்து முடித்ததும், திரையின் ஓரத்தில் இருந்த கூடைப் படத்துக்குள் அதைப் போட்டுவிடுவாள்.

அவளுடைய வெட்டு மேசைக்கு அடியிலும் ஒரு கூடை உண்டு. வெட்டி மிஞ்சிய துணியெல்லாம் அதற்குள் போகும். தையல் தெரிந்தவர்கள் அதைக் கொட்ட மாட்டார்கள். என்றைக்கோ தைத்துக் கொடுத்த சட்டை, பை கிழிந்து திரும்பி வந்தால், அதே துணிக்குக் கூடையைத்தான் கிளற வேண்டும். திரையிலும் கூடையைக் கண்டபோது அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. போட்டுக்கொண்டே வந்தாள். அவ்வப்போது திறந்து பார்த்தால் போட்டது மேலாகவே தெரியும். அடிவரை கிளறிப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

திரையில் இருந்த கூடை உண்மையில் குப்பைத் தொட்டி. அதில் ஒரு மாதம் கிடந்ததைக் கணினி தானாகவே அழித்துவிடும்படி, சொல்லிக் கொடுத்த அன்று மதியமே மகன் வைத்துவிட்டிருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. குப்பையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டிருப்பான்.

ஒரு நாள் காலையில் மகன் கூப்பிட்டான். அவனோடு ஒரே அறையில் இருந்தவன், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், காய்ச்சலில் படுத்துத் துறைமுக மருத்துவமனையில் இறந்துபோனானாம். ஒரே பானையில் தின்றவர்கள்.

“அவன் போட்டோவுக்கே நிக்கமாட்டான்மா. ஒரே ஒரு தடவைதான், நானும் அவனும் கப்பல் ஓரக் கம்பியைப் பிடிச்சிட்டு நிப்போம். அதைக் கொஞ்சம் அனுப்பேன்.”

அனுப்புகிறேன் என்றாள். எந்தப் படம் என்று உடனே தெரிந்துவிட்டது.

கூடையைத் திறந்தாள். புதுப் படங்கள் இருந்தன. கீழே போனாள். கொஞ்ச தூரத்தில் கூடை முடிந்துவிட்டது. மூடித் திறந்தாள். அணைத்து, அது ஓயும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்கினாள். அன்றைக்கு அந்த இசைக்கு அவள் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ரிப்பேர்க்காரர் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தூசு தும்பு இல்லை, இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிற ஆளை இதுவரை பார்த்ததே இல்லை என்றார். எல்லாரும் அக்கா மாதிரி இருந்தால் தன் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று சிரித்தார். வந்த காரியம் என்னவென்று அவள் சொன்னதும் சிரிப்பு அடங்கியது.

வெகுநேரம் தட்டிப் பார்த்தார். கூடையில் போட்டதுமே மகன் ஏற்பாடு செய்திருந்த இணையச் சேமிப்பிலிருந்தும் அவை போய்விட்டன, ஒரு மாதம் ஆனதும் இங்கிருந்தும் போய்விட்டன, மிச்சமே இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

“குப்பைத் தொட்டியில போய் யாராவது படத்தைப் பத்திரப்படுத்துவாங்களாக்கா?”

“எங்க வச்சா என்ன? என் வீட்டுக்குள்ளதான வச்சேன்.”

அவர் திருகாணிகளை முடுக்கிவிட்டுப் பணம் வாங்காமல் போய்விட்டார்.

மகனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மெஷின் பழுது என்று ஒப்பேற்றலாம். இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தினால் மறந்தும் போவான். மறக்க மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். பொத்தானுக்குக் காஜா எடுக்கவேண்டிய ரவிக்கை மடியில் அப்படியே கிடந்தது.

போன் அடித்ததும் எடுத்து, அவன் கேட்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கூடையை, ஒரு மாதத்தை, ரிப்பேர்க்காரர் தேடிப் பார்த்ததை. மறுமுனையில் எஞ்சின் இரைச்சல் கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

“எல்லாமே போயிடுச்சா?”

“எல்லாமேதான்டா.”

பிறகு அவன் தணிந்த குரலில் கேட்டான்.

“நீ பாத்தல்ல அதை? எப்படி இருந்துச்சு, சொல்லு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படம் அப்படியே வந்தது. நெட்டை நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான் என்றாள். கடைச் சட்டை, கட்டங்கள் பையில் ஒன்றோடொன்று சேரவில்லை. கை நீளம் பற்றாமல் மணிக்கட்டு வெளியே தெரிந்தது. இடது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது. இரண்டாவது பொத்தானை வேறு நூலில் தைத்திருந்தார்கள், வெள்ளைக்குப் பதில் கறுப்பு.

“நான்தான் தைச்சுக் கொடுத்தேன்” என்றான் மகன். “இன்னும் சொல்லு.”

கம்பியைப் பிடித்திருந்த கையைச் சொன்னாள். காலர் ஒரு பக்கம் மடிந்து கிடந்ததைச் சொன்னாள். அங்கிருந்து மேலே, முகத்துக்குப் போகப் பார்த்தாள். போக முடியவில்லை.

“சிரிச்சிட்டு இருந்தானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான்.

“தெரியலடா கண்ணா” என்றாள். “நான் உன்னையேதான் பாத்துட்டு இருந்தேன்.”